கேட்டில் பிடிபட்ட பிள்ளை

புலிப்பால் கறந்து வரச் சொன்னால்கூடப் போயிருப்பேன். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெண்களுக்குச் சட்டப்படி உள்ளதை வாங்கிக்கொடுப்பது அதைவிடக் கஷ்டம். மலாயாவில் அவசரகாலம் அது. லுக்குட் பக்கத்தில் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். தொழிற்சங்கக் கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். பிள்ளை பெறுகிறவளுக்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம் ஓய்வும் படியும் உண்டு. ஆனால் ஆபீசில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அப்படிச் சொல்லவைக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

சொல்வார்களா? மாசத்தைச் சொன்னால் கண் பட்டுவிடுமாம். வயிறு வாசலைத் தொடும், கேட்டால் "வயித்துல வாயுலா அக்கா" என்பார்கள். பிள்ளை பிறந்த மறுநாள் புருஷனை அனுப்பிப் படி எங்கே என்று கேட்பார்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரிதான் எல்லாருக்கும் மேல். கடைசி வாரம்வரை பால்வாளி தூக்கி, இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவது உண்டானதும் வயிற்றைத் துணியால் சுற்றிக்கொண்டு பால் எடுக்க மரம் வெட்டப் போனாள். ஓய்வு எடுக்காவிட்டால் இதுவும் போய்விடும் என்று மன்றாடினேன்.

"சொன்னா தங்காதுக்கா."

நானே போய் ஆபீசில் எழுதும் கிராணியிடம் சொல்லியிருக்கலாம். பயம். ஏதாவது ஆகிவிட்டால் என் வாயால்தான் போனது என்பார்கள். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள் அங்கே ஊமையாக இருந்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

காட்டிலிருந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று தினமும் காலையில் கேட்டில் எங்களைத் தடவிச் சோதிப்பார்கள். அன்று சோதிக்க வந்தவள் புதுசு. பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்பில் கை வைத்தவள், "பெராஸ்! பெராஸ்!" என்று கத்தினாள். பெராஸ் என்றால் அரிசி. கடத்தினால் ஜெயில். காவல்காரன் துப்பாக்கியைத் தூக்கினான். கிராணி ஓடி வந்தார். தோட்ட மேனேஜர் வெள்ளைக்காரத் துரையே ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறக்கவில்லை. ஜெயிலுக்குப் போனாலும் போவாள், மாசத்தைச் சொல்லமாட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அரிசி இல்லைங்க தொரை, புள்ள! ஏழு மாசம்!" என்று வரிசைக்கே கேட்கும்படி கத்திவிட்டேன்.

தோட்டத்துத் தமிழ் தெரிந்த துரை காதுவரை சிவந்துபோனார். சோதித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். விடுவேனா நான்? "கிராணி ஐயா, தொரைக்கே தெரிஞ்சிபோச்சு. இன்னைக்கித் தேதி போட்டு எழுதிக்குங்க" என்றேன். துரை தலையாட்ட, கிராணி அங்கேயே எழுதினார்.

முன்மாத ஓய்வு அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது சாபம்தான். சாயங்காலமானால் உப்பும் மிளகாயும் சுற்றி, நான் பார்க்கும்படி அடுப்பில் போடுவாள்.

பெண் பிள்ளை பிறந்தது. பின்மாதமும் முடிந்து மறுபடி வேலைக்குப் போகும் முதல் நாள், விடியற்காலையில், வேலை முடியும்வரை ஆயாவிடம் விட வேண்டிய பிள்ளையோடு என் வாசலுக்கு வந்தாள். பிள்ளையின் கன்னத்தில் காசளவுக்கு மைப்பொட்டு.

"ஆயாக் கொட்டகைல நீங்களே விட்டுடுங்கக்கா. ஆனா ஒண்ணும் சொல்லாதீங்க, ஒங்க வாயி பொல்லாத வாயி."

கையில் வாங்கினேன். நல்ல கனம். சொல்லவில்லை.