தாண்டிப் போன வாசல்

விவாகரத்தான மறு வருஷம், நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன். நவராத்திரிக்குக் கொலு வைத்தே தீருவது என்று எனக்கு ஒரு வீம்பு வந்தது. கீழ்வீட்டு அம்மா தன் மகள் வளைகாப்புக்குத் தெருவையே கூப்பிட்டுவிட்டு என்னை மட்டும் விட்டுவிட்டார். அந்தக் கோபம்தான். ஒன்பது நாள் அம்பாளைக் கும்பிடுகிற ஊரில், புருஷனை விட்டு வந்தவள் வீட்டுக்கு மட்டும் யாரும் வரமாட்டார்களா, பார்த்துவிடலாம்.

டவுனுக்குப் போய்ப் பொம்மை வாங்கினேன். பெண் மரப்பாச்சி மட்டும் போதும் என்றேன். "ஜோடியாத்தான்க்கா தருவோம்" என்றார் கடைக்காரர். சரி, இந்த ஆளாவது எதிர்த்துப் பேசமாட்டான் என்று வாங்கி வந்தேன்.

குங்குமச் சிமிழோடு பதினோரு வீடு ஏறி இறங்கி, நெற்றியில் வைத்துக் கூப்பிட்டேன். முக்கு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அங்கே இருந்தவள் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். முந்தின வருஷம்தான் புருஷன் இறந்திருந்தான். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. கால் தானாக அந்த வாசலைத் தாண்டிவிட்டது.

எல்லாரும் "வாரேன், வாரேன்" என்றார்கள். மூன்று நாள் ஒருத்தர்கூட வரவில்லை. மூன்று நாளும் ராத்திரிக்கு எனக்குச் சுண்டல்தான். பொம்மைகளுக்கு முன்னால் உட்கார்ந்து அழக்கூடச் செய்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம். முக்கு வீட்டுக்காரி.

"கொலு வச்சிருக்கீகளாம்ல. நானும் பாக்கலாமாக்கா?"

உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்தாள். சுண்டலைத் தின்றுவிட்டு, "உப்பு பத்தல" என்று உரிமையோடு சொன்னாள். கிளம்பும்போது தாம்பூலத் தட்டை எடுத்தேன். வெற்றிலை கொடுத்தேன், பழம் கொடுத்தேன். குங்குமச் சிமிழுக்குப் போன கை நின்றுவிட்டது. ஒரு நொடிதான். அவள் பார்த்துவிட்டாள்.

"நீங்களுமாக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள். என்னை ஒதுக்கினார்கள் என்று தெருவைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே சிமிழோடு அவள் வீட்டுக்குப் போனேன். "நேத்து நான் பண்ணுனது தப்பு. இப்ப முறையா கூப்பிட வந்திருக்கேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "இங்க வேணாம். நம்ம ரெண்டு பேருக்குள்ள வச்சு என்னத்துக்கு? நாலு பேரு பாக்க வைங்க."

"நாலு பேருக்கு நான் எங்க போக? என் வீட்டுக்குத்தான் யாரும் வரலையே."

"அம்புட்டுத்தானே? நான் கூட்டியாரேன்."

ஆறு மணிக்கு வந்தாள். கூடவே தையல் கம்பெனிப் பெண்கள் ஐந்து பேர், வேலை முடிந்த கையோடு. கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்; நான் மாடிக் கதவைச் சாத்தவில்லை. முதலில் அவளுக்கு வைத்தேன். அவள் அசையாமல் நின்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். பின்னால் நின்ற ஐந்து பேரில் மூன்று பேர் நெற்றி வெறுமையாக இருந்தது. வரிசையாக நின்றார்கள். ஒருத்தரையும் விடாமல் வைத்தேன்.