பாசிக்கு ஒரு விளக்கு

உலகத்தில் எல்லோரும் பாசியைத் தேய்த்துக் கழுவுவார்கள். மொட்டை மாடித் தொட்டியில் பாசி பிடித்துவிட்டது என்று எங்கள் முகப்பேர் குடியிருப்பில் யாராவது ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டால் போதும், மறுநாளே பிளீச்சிங் பவுடரோடு ஆள் வந்து நிற்பார். அதே குடியிருப்பின் இரண்டாவது மாடியில் என் வீட்டுக்காரர் பாசி வளர்ப்பதற்கு நல்ல விளக்காகத் தேடிக்கொண்டிருந்தார்.

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு எங்கள் கூடத்துக்கு ஒரு கடல் வந்து சேர்ந்தது. பெரிய கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், ஆரஞ்சு நிற மீன்கள், விரல் விரலாக ஆடும் பவளம். அதன் கீழே மர அலமாரி. அலமாரிக்குள் கண்ணாடியில் இன்னொரு தொட்டி. மேலே மீன் போடும் கழிவெல்லாம் தண்ணீரோடு கீழே இறங்கும், கீழ்த் தொட்டியில் நூல்கண்டு போல ஒரு பச்சைப் பாசியை வளர்த்தால் அது அந்தக் கழிவைத் தின்றுவிடும், மேலே கண்ட பாசியும் படராது, பவளம் பிழைக்கும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். அலமாரிக்குள் வெயில் வராது. அதனால் பாசிக்கு விளக்கு வேண்டும்.

எனக்கும் விளக்கு வேண்டும். எங்கள் சமையலறையில் டியூப்லைட் கதவுக்கு மேலே இருக்கிறது, மேடை எதிர்ச் சுவரில். நான் மேடைக்கு முன்னால் நின்றால் என் நிழலே காய்கறி மேல் விழும். வெண்டைக்காயில் புழு இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றாகக் கதவுப் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். மேடைக்கு மேலே ஒரு விளக்குப் போடுங்கள் என்று பொங்கல் சமயத்தில் கேட்டேன். "போட்டுடலாம்" என்றார். தமிழ்நாட்டுக் கணவர்களின் வாயிலிருந்து வரும் வார்த்தைகளிலேயே இதைப் போல ஆபத்தானது வேறு கிடையாது.

நானே வாங்கியிருக்கலாம். திருமழிசையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், என் கையிலும் சம்பளம் வருகிறது. ஆனால் எனக்கு வீம்பு. கேட்டது நான், போட வேண்டியது அவர்.

பாசி விளக்குக்கான ஆராய்ச்சி சாப்பாட்டு மேசையில் நடந்தது. தட்டுக்குப் பக்கத்தில் போன், போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டு அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவார். "சிவப்பு ஜாஸ்தியா இருந்தா சீக்கிரம் வளருமாம். ஆனா நீலமும் வேணும். ரொம்ப பவர் இருந்தா வெளுத்துப் போயிடும்" என்று ரசத்தைப் பிசைந்துகொண்டே சொல்வார். ரசத்தில் உப்பில்லை என்பது அவருக்குத் தெரியாது. சோதனைக்காகத்தான் போடாமல் விட்டிருந்தேன்.

பாசி ஆவடியிலிருந்து வந்தது. கடல்நீர்த் தொட்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாசி பெருகினால் விற்க மாட்டார்கள், பிய்த்துக் கேட்டவருக்குக் கொடுப்பார்கள். நாளைக்குத் தன்னுடையது செத்துப் போனால் வாங்கியவரிடமிருந்தே திரும்பக் கிடைக்கும். ஆவடிக்காரர் ஒரு கைப்பிடி கொடுத்தார். என் சாம்பார் டப்பாவில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதில் அதைப் போட்டு, காரில் என் மடியில் வைத்தார்கள். அம்பத்தூர் வரும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் என் வீட்டுக்காரர் வண்டியை ஊர விட்டார். நான் ஏழு மாத வயிற்றோடு இதே ரோட்டில் வந்திருக்கிறேன். அன்று இவ்வளவு பதம் இல்லை. டப்பாவை அப்படியே ஜன்னல் வழியாகக் கவிழ்த்துவிடலாமா என்று தோன்றியது. பொறாமைதான். ஒரு பிடி பச்சை நூல் மேல் எனக்கு வயிறு எரிந்தது. சக்களத்தி என்று ஒருத்தி வந்திருந்தால்கூட முடியைப் பிடித்துச் சண்டை போடலாம். இதற்கு எல்லாமே முடிதான், எதைப் பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் மீன் கடைகளுக்குப் போனோம். விளக்குக் கடைப் பக்கமும் போவார், நினைவு வந்துவிடும் என்ற நப்பாசையில் நானும் கூடப் போனேன். ஒரு கடையில் விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார், தாழ்த்திப் பார்த்தார். வெளிச்சம் எவ்வளவு தூரம் பரவுகிறது, சூடு எவ்வளவு, உப்பு ஈரம் பட்டால் துருப்பிடிக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. நிறம் தெரிய வேண்டும் என்று என் கையை இழுத்து விளக்குக்கு அடியில் நீட்டச் சொன்னார். என் கைக்கு மேலே விழுந்த வெளிச்சத்தைத்தான் பார்த்தார். கடைக்காரருக்கே பொறுக்கவில்லை.

"இன்னாண்ணே, பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துகினே கீறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜி ஆறுவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டுப் போன மனிதர் இவர். கடைசியில் தண்ணீர் புகாத ஒரு கிளிப் விளக்கு முடிவாயிற்று. ஊதாவும் சிவப்பும் கலந்த ஒரு ரோஸ் நிறம். திரும்பும் வழியில் வரிசையாக மின்சாமான் கடைகள். விளக்குப் பெட்டியை அவர் தன் மடியில் வைத்துக்கொண்டார், நான் ஓட்டினேன். அவர் கண்ணை மூடி நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

மேல் தொட்டியின் விளக்கு அணையும் நேரத்தில் கீழே பாசியின் விளக்கு எரிய வேண்டுமாம். அதற்கு ஒரு டைமர். நான் கம்பெனி வேனில் வந்து இறங்கி, கதவைத் திறந்தால் கூடத்தில் அலமாரி இடுக்கெல்லாம் ரோஸ் நிறத்தில் ஒளிரும். அங்கே பாசி கொழுத்துக்கொண்டிருக்கும். இங்கே நான் என் நிழலில் வெங்காயம் நறுக்குவேன்.

ஒருநாள் வேன் தாமதம், நல்ல பசி, அவரைக்காய் முற்றலா பிஞ்சா என்று தெரியவில்லை. கத்தி விரலைக் கீறியது. ஆழமில்லை, ஆனால் கோபம் தலைக்கேறிவிட்டது. நேராகப் போய் அலமாரியைத் திறந்தேன். அந்த விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து மேடைக்கு மேலே இருந்த தட்டில் கிளிப்பை மாட்டினேன். அடடா, என்ன வெளிச்சம்! நிழல் போன இடம் தெரியவில்லை. ஆனால் அவரைக்காய் கறுப்பாகிவிட்டது. தேங்காய் ரோஸாகிவிட்டது. வெங்காயம் சிவந்ததா கருகியதா என்று அந்த வெளிச்சத்தில் கடவுளாலும் சொல்ல முடியாது. மூக்கு சொன்னபோது நேரம் கடந்திருந்தது.

தீய்ந்த நாற்றம் அடங்குவதற்குள் அவர் வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலில் நின்று என்னையும் விளக்கையும் பார்த்தார். "அய்யோ" என்றார். வாசலில் இருந்து கூடத்துக்கு ஓடினார். அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டு, சட்டைக் கையை மடிக்காமலே தண்ணீருக்குள் கையை விட்டுப் பாசியைத் தூக்கிப் பார்த்தார்.

"எவ்ளோ நேரமா இது இருட்டுல இருக்கு?"

"நான் பொங்கல்லேர்ந்து இருக்கேன்" என்றேன்.

ஈரக் கையோடு எழுந்து வந்தார். என் விரலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். விளக்கைக் கழற்றி, அதில் தெறித்திருந்த எண்ணெயை மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்து, அலமாரிக்குள் பழைய இடத்தில் மாட்டினார். தீய்ந்த பொரியலைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் நான் வருவதற்குள் அவர் வந்து ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூள். மேடைக்கு மேலே நீளமாக ஒரு வெள்ளை விளக்கு. சுவிட்சைப் போட்டார். மேடை பளிச்சென்று ஆனது. அஞ்சறைப்பெட்டியில் சீரகம் தனி, சோம்பு தனியாகத் தெரிந்தது. சுவர் ஓடுகளில் இத்தனை நாள் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்ததும் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"இப்போ திருப்தியா?" என்று ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எத்தனை பாத்தீங்க? வேற கலர்லாம் இருந்துச்சா?"

"இதுல பாக்க என்ன இருக்கு? கிச்சன் லைட்டுதானே. ஆபீஸுக்கு எதிர்ல ஒரு கடை. ஒண்ணு குடுங்கன்னேன், குடுத்தான். வண்டியை விட்டுக்கூட இறங்கல" என்றார், பெருமையாக.

நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்த வெளிச்சத்தில் என் முகம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அதற்குள் அவர் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், அலமாரிக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.