சந்தைக் கழிப்பறைக்காக நின்ற கிளெண்டா ஹார்கின்

ஸ்டோவெல் ஊர்ப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் மதியச் சாப்பாடு பரிமாறியவர் கிளெண்டா ஹார்கின். தட்டில் பட்டாணியை மிச்சம் வைத்தால் அவர் பார்க்கிற ஒரு பார்வையே போதும். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு நரைத்துப்போய்விட்டார்கள், ஆனாலும் தெருவில் அவரைக் கண்டால் முதுகு தானாக நிமிரும். அப்பேர்ப்பட்ட மனுஷியை மாவட்ட கவுன்சில் நாய் படாத பாடு படுத்தியது.

அவர் கணவர் ராய் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். நடுக்கவாதம் வந்து நாலு வருஷம் ஆகிறது. கை நடுங்குவதைப் பொறுத்துக்கொண்டார். சிறுநீர் சொல்லாமல் கொள்ளாமல் முட்டிக்கொண்டு வருவதுதான் அவரை வீட்டுக்குள் முடக்கிப் போட்டது. வியாழக்கிழமை மட்டும் சந்தைக்குப் போவார். ஒரு கோப்பை டீ, முட்டை வைத்த ரொட்டி, பழைய டிப்போ ஆட்கள் மூணு பேர். சந்தை மூலையில் கழிப்பறை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் வாசலைத் தாண்டினார். அதைத்தான் கவுன்சில் பூட்டப்போகிறேன் என்றது.

மக்களிடம் கருத்துக் கேட்டோமே என்றார்கள். கேட்டது உண்மைதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின பத்து நாள், இணையத்தில், நாற்பத்தோரு கேள்விகள். உங்கள் வயது என்ன, மதம் என்ன, எங்களைப் பற்றி எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கழிப்பறை வேண்டுமா வேண்டாமா என்று கேட்க மறந்துவிட்டார்கள்.

கிளெண்டா நேரில் போனார். கட்டடம்தான் மாவட்டத்துடையது, அதற்குப் போகிற நடைபாதை மாவட்டத்துக்கும் மேலே இருக்கிற கவுண்டி கவுன்சிலுடையது, வாசலில் கிடக்கிற பெஞ்சு ஊர் கவுன்சிலுடையது என்று பாடம் நடத்தி அனுப்பினார்கள். கிழவர் ஒருத்தர் ஒன்றுக்குப் போக மூன்று ஆட்சி, மூன்றும் ஒன்றையொன்று கை காட்டின.

சரி, மாவட்ட கவுன்சில் கூட்டத்திலேயே கேட்டுவிடுவோம் என்று மூன்று நாள் முன்னதாகக் கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் நின்றார். பேச மூன்று நிமிஷம். கழுத்தில் பதவிக்குரிய தங்கச் சங்கிலி தொங்க உட்கார்ந்திருந்த தலைவர், ராயின் பெயரை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணியை அடித்தார்.

"மிஸஸ் ஹார்கின், உங்க நேரம் முடிஞ்சுது. நீங்க சொன்னதைக் குறிச்சுக்கிட்டோம்."

"என்ன குறிச்சீங்க, படிங்க பார்ப்போம்."

எழுத்தர் நோட்டைப் பார்த்துப் படித்தார். "பொதுமக்களில் ஒருவர் பேசினார்."

வராந்தாவில், ஸ்டோவெல் தொகுதியின் மாவட்ட கவுன்சிலர் ஜெஃப்ரி பென்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். பதினாறு வருஷமாக உறுப்பினர். அவரை யாரும் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது. எதிர்த்து நிற்க ஒருத்தரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

"எதுக்கு இவ்வளவு கோபம் கிளெண்டா? கிரவுன் பப்ல பேசி வச்சிருக்கோம். யாரு வேணா உள்ள போய்ட்டு வரலாம்."

"மாடில இருக்கு ஜெஃப்ரி. பதினாலு படி. ராய் ஏறி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் ஆயிடும். நீ ஏறிப் பாத்திருக்கியா?"

"படியெல்லாம் எங்க பொறுப்புல வராதும்மா."

அன்றைக்குத்தான் பென்டிலை எதிர்த்துத் தேர்தலில் நிற்பதென்று கிளெண்டா முடிவு செய்தார். பூட்டுவதா வேண்டாமா என்ற கடைசி ஓட்டெடுப்பு மே மாதத் தேர்தலுக்குப் பிறகு. பூட்டச் சொல்கிறவர்கள் பதினாறு பேர், வேண்டாம் என்கிறவர்கள் பதினைந்து. மற்ற தொகுதிகளில் எதுவும் மாறப்போவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். பென்டிலின் இடம் கை மாறினால் கழிப்பறை பிழைக்கும், ராயின் வியாழக்கிழமையும் பிழைக்கும்.

வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் பக்கத்து வீட்டு டெரிக். கவுன்சிலைத் திட்டாமல் அவனுக்குக் காலை டீ இறங்காது. குப்பைத் தொட்டியின் மூடி இரண்டு விரல் திறந்திருந்ததற்காகக் குப்பை வண்டிக்காரர்கள் அள்ளாமல் போன கதையை முப்பது தடவையாவது சொல்லியிருப்பான்.

"நில்லு கிளெண்டா. அந்த பென்டில் பயலுக்கு நான் யாருன்னு காட்டுறேன்."

கிளெண்டா வீடு வீடாக ஏறி இறங்கினார். இந்த ஊர்க்காரர்களைப் பற்றி என்ன சொல்ல. கேட்டில் நிற்கவைத்து அரை மணி நேரம் கவுன்சிலைக் கிழி கிழி என்று கிழிப்பார்கள். ஓட்டுப் போட வருவீர்களா என்றால், "எவன் வந்தா என்ன, எல்லாம் ஒரே குட்டைதான்" என்று கதவைச் சாத்துவார்கள். தொட்டி அள்ளவில்லை என்றால் மட்டும் அன்றைக்கே போனைத் தூக்கிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, விளையாட்டு மன்றத்துப் பூப்பந்துக் கூடத்தில் எண்ணினார்கள். இருவருக்கும் நானூற்று முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார்கள். அதே கணக்கு. சந்தேகத்துக்குரியது என்று ஒரே ஒரு சீட்டை ஒதுக்கி வைத்திருந்தார்கள். தேர்தல் அதிகாரி இருவரையும் அழைத்துக் காட்டினார். கிளெண்டாவின் கட்டம் காலி. பென்டிலின் கட்டத்துக்குள் நீல மையில் ஒரு பன்றி. சுருட்டை வால்கூட உண்டு.

"இது ஓட்டா?" என்றார் கிளெண்டா. "அந்த ஆளைப் பன்னின்னு திட்டியிருக்காங்க, தெரியலையா?"

"என்ன வரைஞ்சிருக்காங்கன்னு ஆராயறது என் வேலை இல்லீங்க. ஒரே ஒரு கட்டத்துல அடையாளம் இருக்கு, கோட்டைத் தாண்டல. செல்லும்."

பென்டில் எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. ஆனாலும் பன்றியை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஓட்டில் ஜெயித்து, மேடையேறி, மக்கள் தன்மேல் வைத்த நம்பிக்கைக்கு நன்றி சொன்னார். வெட்கம் என்றால் என்னவென்று அந்த ஆளுக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து, பூட்டச் சொல்லிப் பதினாறு கைகள் உயர்ந்தன. மறுநாளே பூட்டு. கதவில் ஓர் அறிவிப்பு, அடியில் கவுன்சிலின் புத்தம்புது சின்னம்.

டெரிக்குக்கு இது ஒன்றும் தெரியாது. ஓட்டுப் போட்ட கையோடு மறுநாள் விடியற்காலை விமானமேறி மூன்று வாரம் ஸ்பெயின் வெயிலில் கிடந்தான். வேகவைத்த நண்டு நிறத்தில் திரும்பி வந்தவன், ஒரு வியாழக்கிழமை காலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டான்.

"என்ன கவுன்சிலரம்மா, பென்டில் மூஞ்சி எப்படி இருந்துச்சு? அவனுக்குன்னே ஒரு பரிசு வச்சிட்டுப் போனேனே, பாத்தானா? அவன் கட்டத்துலயே பன்னி வரைஞ்சேன். வாலு சுருட்டறதுக்குத்தான் நேரமாச்சு."

கிளெண்டா குரலை உயர்த்தவில்லை.

"பாத்தான் டெரிக். அதை அவனுக்கு விழுந்த ஓட்டுன்னு சேத்துக்கிட்டாங்க. ஒரே ஒரு ஓட்டுல நான் தோத்தேன். கழிப்பறையைப் பூட்டியாச்சு."

சமையலறை ஜன்னலுக்கு உள்ளே ராய் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கேயும் போகப்போவதில்லை என்று தெரிந்தும் வியாழக்கிழமையானால் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறார். டெரிக் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு சலித்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

"பன்னியைப் போயி ஓட்டுன்னு எண்ணுவானா எவனாவது? இந்த கவுன்சில்காரனுங்களே இப்படித்தான் கிளெண்டா. ஒண்ணுக்கும் லாயக்கில்ல."

சொல்லிவிட்டு, காலித் தொட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.