வட்டத்துக்குள் அப்பாவின் எண்

கடலூரில் காவலராகச் சேர்ந்த புதிதில் எனக்குத் திருவிழா பந்தோபஸ்தும், மகளிர் நிலையத்தில் எழுத்து வேலையும்தான். 2009இல், கம்ப்யூட்டர் படித்த பெண் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லப்போக, குற்ற வழக்குகளுக்குத் தொலைபேசி விவரம் பார்க்கும் சிறிய பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஓய்வுபெறக் காத்திருந்த ஒரு ஏட்டு, நான்.

வேலை இதுதான். சந்தேகப்படுகிற ஆளின் செல்போன் எண்ணைக் கொடுத்தால், அவர் யார் யாருக்கு எப்போது பேசினார் என்ற விவரம் கம்பெனியிலிருந்து வரும். ஒவ்வொரு எண்ணையும் ஒரு வட்டமாகப் போட்டு, பேசிக்கொண்டவர்களுக்கு இடையில் கோடு இழுக்க வேண்டும். இதற்காக என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பாடம் எடுத்தவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. "ஜாஸ்தி பேசறவன்தான் தலைவன்னு நெனைக்காதீங்க. எவன எடுத்துட்டா ரெண்டு கூட்டத்துக்கும் தொடர்பே இல்லாம போவுதோ, அவனப் பாருங்க."

அந்த வருடம் பூட்டிய வீடுகளில் திருட்டு அதிகமாக இருந்தது. கடலூர்ப் பக்கம் சில வீடுகள், சிதம்பரம் பக்கம் சில வீடுகள். இரண்டு இடத்திலும் வேறு வேறு ஆட்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் வரைந்து பார்த்தபோது கடலூர் ஆட்கள் ஒரு கொத்தாகவும் சிதம்பரம் ஆட்கள் ஒரு கொத்தாகவும் விழுந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு எண். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஒருவருடையது அது. சப்-இன்ஸ்பெக்டர் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, நடு வட்டத்தைச் சிவப்பு மையால் சுற்றினார். "நல்லா புடிச்சம்மா" என்றார். அன்றைக்கு ஒரு பொட்டலம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்ததாக அந்த ஆட்டோக்காரரின் எண்ணுக்கு வந்து போன அழைப்புகளை எடுத்தோம். அடிக்கடி வந்த எண்களைக் கம்ப்யூட்டர் தானாகவே மேலே கொண்டுவந்து வைக்கும். முதல் பக்கத்திலேயே ஒரு கடலூர் எண் இருந்தது. எனக்கு அதை மனப்பாடமாகத் தெரியும். அந்தப் போனை வாங்கிக் கொடுத்ததே நான்தான். என் அப்பாவின் எண்.

தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் பார்த்தேன். எல்லா அழைப்பும் ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா மார்க்கெட்டுக்குப் போகிற நேரம்.

சப்-இன்ஸ்பெக்டர் பின்னால் வந்து நின்றார். "இது யாரு, கடலூர் நம்பரு? வாரம் தவறாம பேசறான்."

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து, "எங்க அப்பா சார்" என்று வந்துவிட்டது. ஏட்டு படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தார். சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "வூட்ல கேட்டுட்டு வந்து சொல்லும்மா. நாளைக்கி பாத்துக்கலாம்" என்றார். அவர் அப்படித் தணிந்து சொன்னதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை இன்றுவரை அப்பாவிடம் சொன்னதில்லை. அவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு ரூபாய்க்குப் பொய் சொல்லாதவர். அவரைப் பற்றி, திருட்டு நகை ஏதும் வாங்குகிறாரோ என்று யோசித்தேன். அப்புறம், அந்த ஆட்டோக்காரர் வீட்டில் யாரோ ஒரு பெண் இருக்கிறாளோ என்று யோசித்தேன். போன வருடம் அவர் எடுத்த புதுச் சட்டை வரைக்கும் ஞாபகத்துக்கு வந்தது. மகளாக அல்ல, காவலராகத்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

வீட்டில் அம்மா சமையலறையில் இருந்தார். அப்பாவிடம் எண்ணைச் சொல்லி, "இது யாருப்பா?" என்று கேட்டேன். அவர் முகம் ஒரு நொடியில் சுருங்கிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். தெருமுனை டீக்கடையில் இரண்டு டீ சொன்னார்.

"அது ஒன் அத்த வூடு" என்றார் கடைசியில்.

"எந்த அத்த?"

"எனக்கு எத்தன தங்கச்சி? ஒண்ணுதான்."

எனக்கு ஒரு அத்தை இருந்தார், நான் பிறப்பதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் செத்துப்போனார் என்றுதான் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவர் சாகவில்லை. சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த வேறு சாதிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவர். தாத்தா தலை முழுகிவிட்டு, செத்துப்போனதாகவே ஊரில் சொல்லியிருக்கிறார். தாத்தா போன பிறகும் அந்தப் பேச்சை மாற்றும் தைரியம் யாருக்கும் வரவில்லை. அத்தையின் வீட்டுக்காரரும் இப்போது இல்லை. மகன் ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டுக்கு ஒரே போன், மகனுடையது. அண்ணனும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் செத்தவர்கள் எல்லோருக்கும் சுவரில் படம் உண்டு. அத்தைக்கு மட்டும் படம் இல்லை, திதி இல்லை. ஊரிலுள்ள எண்களை எல்லாம் கோடு போட்டு இணைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒருநாளும் உறைக்கவில்லை.

"அந்தப் புள்ள மேல கேஸா?" என்று அப்பா கேட்டார்.

"விசாரிக்கணும்ப்பா."

அவர் டீயைக் குடிக்காமலே கிளாஸைக் கீழே வைத்தார்.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். "சொந்தக்காரங்க சார். ரொம்ப வருஷமா போக்குவரத்து இல்ல. எனக்கே நேத்துதான் தெரியும்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீயும் வாம்மா. அந்தம்மா பயப்படாம இருப்பாங்க" என்றார். வரவில்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நான் சரி என்றேன். இப்படித்தான் என் அத்தையை முதல் முறையாகப் பார்க்க நான் யூனிபார்மில், ஜீப்பில் போனேன்.

சிதம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெரு அது. ஜீப் நுழையும்போதே வாசல்களில் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆட்டோ வீட்டு முன்னால் நின்றிருந்தது. அதன் கண்ணாடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர்கள். ஓட்டுநரைச் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார். நான் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து வந்த அம்மாள் என்னைப் பார்த்தார். என் நெற்றியும் மூக்கும் அப்படியே அப்பாவுடையவை, எல்லோரும் சொல்வார்கள். அவர் கண்கள் என் முகத்திலேயே நின்றன. தெரிந்துகொண்டார் என்பது எனக்கும் தெரிந்தது.

"வாங்க மேடம்" என்றார். "தண்ணி குடிக்கிறீங்களா?"

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் படியேறி வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு பயப்படற? ஒங்க அண்ணன் பொண்ணு கடலூர்ல போலீஸ்ல இருக்குதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்க. அதுக்கு ஒரு போன போடு. நம்ம புள்ளன்னு சொன்னா வுட்டுடுவாங்க."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. "அது இப்ப வேற ஊருக்கு மாத்தலாயி போயிட்டுது" என்றார்.

நான் அங்கேயே, இரண்டடி தூரத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் அந்தப் பெண் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜீப் ஓரமாக நின்ற ஏட்டு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலையில் ஒரு கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்றுதான் அத்தை அப்படிச் சொன்னார். நானும் அந்தக் கணக்கிலேயே பேசாமல் நின்றேன். அவர் கொண்டுவந்த தண்ணீரையும் வாங்கிக் குடித்தேன்.

வாக்குமூலம் எழுத அவர் மகனை அன்றைக்குக் கடலூருக்குக் கூட்டிவந்தோம். ஜீப்பில் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். முறைக்கு நான் மாமா என்று கூப்பிட வேண்டியவர். விஷயம் சீக்கிரமே தெளிவாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற சில பேர் அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, சவாரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடலூரிலிருந்து வந்தவர்களும் அதே வண்டியில் ஏறியிருக்கிறார்கள், சிதம்பரத்து ஆட்களும் ஏறியிருக்கிறார்கள். அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு கூட்டத்தையும் இணைத்தது அவருடைய ஆட்டோ மட்டும்தான். அவர் அடையாளம் காட்டியதால்தான் அந்த ஆட்கள் பிடிபட்டார்கள். சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டோம். சப்-இன்ஸ்பெக்டர் கை கொடுத்தார். அவரும் கொடுத்தார், என் பக்கம் திரும்பாமல்.

சுவரில் இருந்த தாளை நானே கழற்றினேன். வழக்கில் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

ஆனால் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதைத் தெரு பார்த்துவிட்டது. திரும்பி வந்ததை யார் பார்த்தார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவர் வண்டியில் அனுப்பிக்கொண்டிருந்த பெற்றோர்கள் ஒவ்வொருவராக வேறு ஆட்டோவுக்கு மாறிவிட்டார்கள். ஸ்டாண்டில் இருந்தவர்கள், "சாட்சி சொல்றவன்" என்று ஒதுங்கினார்கள். இதெல்லாம் சிதம்பரம் போய்வந்த ஏட்டு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா போன் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய் உடனே திரும்பிவிடுவார்.

அம்மாதான் ஒருநாள் என்னிடம், "என்னாடி, உங்கப்பா பேசறத நிறுத்திட்டாரா?" என்றார்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"ரெண்டு கட்டு கீர வாங்க ஒரு மணி நேரம் ஆவுமா? தெரியும். எங்கிட்ட சொல்லட்டும்னு இருந்தேன்."

அதன் பிறகு மூவரும் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். அம்மா இரண்டு பலாப்பழம் எடுத்துக்கொண்டார், பண்ருட்டியிலிருந்து சொல்லி வாங்கியது. நான் புடவையில் போனேன். அத்தை எங்களைப் பார்த்ததும் அழவில்லை. அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, "ஏன் அண்ணி, இவ்வளவு வெயிட்ட தூக்கிட்டு" என்றார், போன வாரம்தான் பார்த்தது போல. அப்பாதான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார்.

மகன் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய், "என்ன மன்னிச்சிடுங்க மாமா" என்றேன். மாமா என்று வாயில் வரவே கஷ்டமாக இருந்தது. "ஒங்க வேலய நீங்க பாத்தீங்க மேடம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, நானும் அண்ணனும் பேசனதெல்லாம் ஒங்க ஆபீஸ்ல கேட்டுச்சா?"

"இல்ல அத்த. பேச்சு கேக்காது. எந்த நம்பர்லேந்து எந்த நம்பருக்கு, எவ்வளவு நேரம், அது மட்டுந்தான் தெரியும்."

"அப்படியா" என்றார். கரண்டியைக் குழம்பில் வைத்தார். "கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். முக்காவாசி ஒன்னப் பத்திதான் பேசுவோம். ஒனக்கு வேல கெடச்சது, பரேடுல முதல்ல வந்தது, எல்லாம்."

நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அப்பா இப்போது கூடத்தில் உட்கார்ந்தே போன் பேசுகிறார். அத்தையும் வந்து போகிறார். பள்ளிக்கூடச் சவாரி மட்டும் அவர் மகனுக்குத் திரும்பி வரவில்லை. 2012இல் ஆட்டோவை விற்றுவிட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலமாகத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கிளம்புகிற அன்று வழியனுப்ப நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பெட்டியை மேலே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக, "வரேன் மேடம், அம்மாவ பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.