டிரைவருக்கு நான் அடித்த போன்கள்

அப்போது நான் பென்னலூரில் சமையல்கூடம் வைத்து, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தேன். வேன் கிளம்பியதுமே எனக்குப் படபடப்பு தொடங்கிவிடும். எங்கே போகிறது என்று டிரைவருக்கு ஓயாமல் போன் அடிப்பேன்.

ஒரு கிருத்திகையன்று வல்லக்கோட்டைக் கோயில் கூட்டத்தில் வேன் மாட்டிக்கொண்டது. சாப்பாடு தாமதமானதற்குத் தொழிற்சாலைக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். திரும்பி வந்த டிரைவரை நான் திட்டினேன். அவர் சாவியை மேசைமேல் வைத்தார்.

"நீ போன் பண்ற ஒவ்வொரு வாட்டியும் வண்டிய ஓரங்கட்டித்தான் பேசுறேன் சார். கூட்டத்தால கா மணி லேட்டு, உன்னால கா மணி லேட்டு. நாளைக்கு நீயே ஓட்டிக்கினு போ."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுக்க முடியவில்லை. அன்று ஏழு முறை அடித்திருந்தேன். கிருத்திகை என்று காலண்டரில் போட்டிருந்தும், வேனை முன்கூட்டியே அனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

சாவியை அவரிடமே கொடுத்தேன். மறுநாளிலிருந்து வேன் அரை மணி முன்னதாகக் கிளம்பியது. அது கிளம்பியதும் போனைச் சமையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். வேன் போன பிறகு என் கையில் ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. முதல் வாரம் முழுக்க, போன் வந்ததா என்று அந்த அம்மாவை நச்சரித்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.