ஒன்பது முறை பதினாறாவது ஆள்

ஜோர்டி ரிடலைப் பற்றி ஹாயிக் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம்தான் பதில் வரும். பதினைந்து பேர் ஆடும் ஸ்காட்லாந்து ரக்பி அணியோடு ஒன்பது முறை மாற்று ஆளாகப் போய், ஒரு முறைகூட ஆடாமல் திரும்பியவன். எரிச்சலைக் கிளப்பும் சிரிப்பு அது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியாது.

வாரம் முழுக்கக் கம்பளிச் சட்டை பின்னும் மில்லில் வேலை, சனிக்கிழமை ஊர் அணிக்கு ஹூக்கர். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தலை குனிந்து முட்டித் தள்ளுவார்கள், அதன் பெயர் ஸ்க்ரம். அதில் முன்வரிசை நடுவே நின்று காலால் பந்தைக் கொக்கி போட்டு இழுக்கிறவன் ஹூக்கர். சுற்று வட்டாரத்தில் அந்த வேலையில் ஜோர்டியை மிஞ்ச ஆளில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. ஸ்காட்லாந்து தோற்றது. மறுபடி தோற்றது. எவனோடு மோதினாலும் தோற்றது. தேர்வாளர்கள் ஆளை மாற்றினார்கள், அந்த ஆளுக்கும் ஆளை மாற்றினார்கள். ஹூக்கரை மட்டும் தொடவில்லை. அந்த இடத்தில் இருந்தவர் நினியன் காக்ரன், எடின்பரோவில் டாக்டர். நல்ல மனிதர், நன்றாகவும் ஆடுவார். மனசாரத் திட்டக்கூட வழியில்லையே என்பதுதான் ஜோர்டியின் வயிற்றெரிச்சல்.

அப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆளை மாற்ற முடியாது. ஒருவன் காலை உடைத்துக்கொண்டு வெளியே போனால் மீதிப் பதினான்கு பேர்தான் ஆடி முடிக்க வேண்டும். ஆகவே மாற்று ஆளுக்கு வாய்ப்பு கிடைக்க வேண்டுமென்றால், எவனாவது ஆட்டத்துக்கு முன்பே படுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் களத்தில் நின்றால் போதும், தங்கக் குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி ஒன்று கிடைக்கும். ஜோர்டி ஆசைப்பட்டது அந்த ஒரு தொப்பிக்குத்தான். அவன் மனைவி நெட்டா அலமாரியில் அதற்கு இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள். மூன்று வருடமாக அங்கே தூசியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா ஜோர்டி, பூட்ஸ் இன்னும் புதுசாவே இருக்கு? கடையில திருப்பிக் குடுத்துடலாமே!" என்று மில்லில் கத்துவார்கள்.

"போங்கடா, உங்க வேலையப் பாருங்க" என்பான். வேறென்ன சொல்வான்?

ஒன்பதாவது முறை வேல்ஸ் அணியோடு ஆட்டம், மரேஃபீல்டு மைதானத்தில். காலையில் ஹோட்டலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதே சேதி பரவியது: நினியனுக்கு முழங்கால் சரியில்லை. ஜோர்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

தேர்வாளர்களில் ஒருவரான மேஜர் டண்டாஸ் இருவரையும் பின்புறப் புல்வெளிக்குக் கூட்டிப் போனார். காலைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் எதிரே முட்டித் தள்ள ஒரு ஹூக்கர் வேண்டும். இருந்த இன்னொரு ஹூக்கர் ஜோர்டிதான். யாருக்கு அந்த இடம் வேண்டுமோ அவனையே சாட்சிக்கு நிறுத்துகிற புத்தி வேறு யாருக்கு வரும்!

இருவரும் குனிந்து தோளோடு தோள் கொடுத்தார்கள். ஜோர்டி தள்ளினான். எதிரே இருந்த கால் மடங்கிச் சரிந்து, எப்படியோ ஊன்றிக்கொண்டது. "ஐயோ" என்று ஒரு முனகல் அவன் காதுக்குள்ளேயே விழுந்தது.

நிமிர்ந்தார்கள். நினியனின் முகம் வெளுத்திருந்தாலும் வாய் திறக்கவில்லை.

"என்னப்பா ரிடல், தாங்குதா கால்?" என்றார் மேஜர்.

ஒரே ஒரு வார்த்தை. தொப்பி கைக்கு எட்டும் தூரத்தில். அந்த நொடியில் ஜோர்டிக்குத் தெரிந்தது தொப்பி அல்ல, மில்லில் இருந்த முகங்கள். ஊர் காலத்துக்கும் என்ன சொல்லும்? டாக்டர் காலைக் காட்டிக்கொடுத்துத் தொப்பி வாங்கினான் என்று சொல்லும்.

"தாங்குது சார்" என்றான்.

ஆட்டம் தொடங்கிப் பதினோராவது நிமிடம் நினியனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜோர்டி கோட்டும் டையுமாகப் பார்வையாளர் வரிசையில் இருந்தான், பூட்ஸ் பை மடியில். பதினான்கு பேர் சேற்றில் புரண்டு புரண்டு தோற்றதை முழுக்கப் பார்த்தான். நியாயமாக அவனை அவனே அறைந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து நினியன் கைத்தடியோடு ஹாயிக்குக்கு வந்தார். நெட்டா டீ போட்டாள்.

"என் ஆட்டம் முடிஞ்சுதுப்பா. இனி ஓட முடியாது" என்றார்.

இடம் காலி! வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவே ஜோர்டி படாதபாடு பட்டான்.

"ஆனா உனக்கும் இல்ல ஜோர்டி. மேஜர் வேற ஆளப் போட்டுட்டார். 'ஒடிஞ்ச காலத் தாங்குதுன்னு சொன்னவன், அவனுக்கு ஸ்க்ரம்மப் பத்தி என்ன தெரியும்'னு கேக்கிறார்."

ஜோர்டி கோப்பையை ஓசையோடு மேசையில் வைத்தான். "டாக்டர், உங்களுக்கும் வாய் இருந்துச்சே?"

"வலிக்குதுன்னு நானே சொன்னா பயந்துட்டான்னு சொல்லுவாங்க. நீ சொல்லுவேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் உன் காதுல விழுற மாதிரி முனகினேன். எனக்கு ஏற்கனவே தொப்பி இருக்கு, அன்னிக்கு நீ ஆடட்டும்னுதான் பார்த்தேன். உனக்குக் கேக்கலியா?"

"கேட்டுது."

"அப்புறம்?"

நெட்டாதான் வெடித்தாள்.

"அப்புறம் என்ன அப்புறம்! ரெண்டு பேருக்கும் ஊரு என்ன சொல்லும்னு பயம். ஊரு இப்ப என்ன சொல்லுதுன்னு தெருவுல போயிக் கேட்டுட்டு வாங்க!"

அவன் அதற்குப் பின்னும் எட்டு வருடம் ஊர் அணிக்கு ஆடினான். ஸ்காட்லாந்து ஒருவழியாக மறுபடி ஜெயிக்கவும் தொடங்கியது, வேறு ஹூக்கரை வைத்துக்கொண்டு. அலமாரியில் அந்த இடத்தில் நெட்டா சர்க்கரை டப்பாவை வைத்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை எதிரணியின் பந்தையெல்லாம் அவன் பிடுங்கித் தள்ளியதைப் பார்த்த வெளியூர்க்காரன் ஒருவன், ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்கல்லாம் நாட்டுக்கே ஆடியிருக்கணும்! உங்கள யாரும் கேக்கவே இல்லியா?"

"கேட்டாங்கப்பா, ஒரே ஒரு தடவ" என்றான் ஜோர்டி, பூட்ஸிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே. "கால் தாங்குதுன்னு சொல்லிட்டேன்."