பேரருவியில் பெண்கள் பக்கம்

குற்றாலத்தில் சீசன் டூட்டி போட்டிருக்கிறார்கள் என்றால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பொறாமை. "உனக்கென்னட்டி, சம்பளமும் குடுத்துக் குளிக்கவும் சொல்லுதாவ" என்பார்கள். பேரருவியில் பெண்கள் பக்கம் காவலுக்கு நின்ற எவளும் அதில் குளித்து நான் பார்த்ததில்லை. ஈர ஷூவுக்குள் விரலிடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாகிவிடும். சாரலில் நனைந்த காக்கி உடம்போடு ஒட்டும். எதிரே பாலத்தில் நிற்கிற ஆண்கள் அருவியைப் பார்க்கிற சாக்கில் அதையும் பார்ப்பார்கள். நாள் முழுக்க விசில் ஊதி ஊதிக் கன்னம் வலிக்கும். அந்த விசிலை மதித்து உடனே வெளியே வந்தவர்கள் மிகக் குறைவு.

எனக்குச் சொந்த ஊர் வாசுதேவநல்லூர். வீட்டுக்கு வீடு ஒரு போலீஸ், ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற குடும்பங்கள் எங்களுடையவை. பெண்களில் நான்தான் முதலில் சேர்ந்தேன். கல்யாணமாகித் தென்காசி வந்தேன். கணவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், எட்டாம் வகுப்பு.

போன வருஷம் சீசனில் ஒருநாள். மத்தியானம் வரை தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்தது. மேலே மலையில் மேகம் இறங்கியது. சற்று நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறத் தொடங்கியது. சைரன் அலறியது. நான் விசில் ஊதிக்கொண்டே பெண்களை வெளியே தள்ளினேன். எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. நாற்பதை ஒட்டிய வயது. அருவிக்கு நேர் கீழே இரும்புக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்கம்மா வெளியே!"

"அஞ்சே நிமிஷம் மேடம். வேன் பிடிச்சு வந்திருக்கோம். இப்பத்தான் உள்ளயே விட்டாங்க."

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். உடம்பெல்லாம் எண்ணெய். பிடித்த கை வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி பிடித்தேன், மறுபடி வழுக்கியது. தண்ணீர் செம்மண் நிறத்தில் திமுதிமுவென்று இறங்கியது. வேறு வழியில்லை. கூந்தலைக் கொத்தாகப் பிடித்துக் கையில் சுற்றி இழுத்தேன். அவள் கத்தினாள், என் முகத்தைப் பிறாண்டினாள். படி வரைக்கும் இழுத்து மேலே தள்ளிவிட்டேன். திரும்புவதற்குள் தண்ணீரோடு வந்த ஒரு மரத்துண்டு என் இடுப்பில் அடித்தது.

விழுந்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வாயெல்லாம் மண் தண்ணீர். நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தேன். வரிசையாகச் செல்போன்கள். ஒருவன் பக்கத்து ஆளின் தோளை விலக்கிவிட்டு நன்றாகத் தெரிகிற இடத்துக்கு நகர்ந்தது கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆண்கள் பக்கத்தில் நின்ற ஏட்டையா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்துதான் என்னைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்புக்குத் தகடு வைத்தார்கள். நான் மயக்கம் தெளிந்து கண் திறப்பதற்குள் வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. முழு வீடியோ இல்லை. நான் முடியைப் பிடித்து இழுப்பது, அவள் கத்துவது, அதோடு முடிந்துவிடும். அதற்கு முன்னால் நடந்ததும் இல்லை, பிறகு நடந்ததும் இல்லை. கீழே எழுதியிருந்ததை எல்லாம் இங்கே சொல்ல எனக்கு வாய் வராது. இவளையும் இதே மாதிரி இழுத்து அருவிக்குள் போட வேண்டும் என்று எழுதியவர்தான் அதில் மரியாதையானவர்.

என் கணவரிடம் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், யார் என்று தெரியாமல் போனை நீட்டியிருக்கிறார். "அண்ணாச்சி, இந்தப் பேய பாத்தியளா? இவளுக்கெல்லாம் நல்ல சாவு வருமா?" என் கணவர் அந்தப் போனை வாங்கி, வந்த வேலையை முடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தார். மகளை ஸ்கூல் வேனில் பின்சீட்டுப் பிள்ளைகள் சடையைப் பிடித்து இழுத்து, "உங்கம்மா இப்படித்தான இழுத்தாவ?" என்று சிரித்திருக்கிறார்கள். அவள் மறுநாளே முடியைத் தோளுக்கு மேல் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

அந்த வாரமே யாரோ முழு வீடியோவைப் போட்டார்கள். மரம் அடிப்பது, நான் விழுவது, ஏட்டையா வருவது எல்லாம் அதில் இருந்தது. அதோடு ஊர் அப்படியே திரும்பிக்கொண்டது. சால்வை, பழக்கூடை, பூச்செண்டு. வார்டு வாசலில் கூட்டம் நின்றது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் படத்தைப் போட்டு 'வீரமங்கை' என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஒருவர் என் தோளருகே குனிந்து செல்ஃபி எடுத்துவிட்டு, "மேடம், போர்வைய லேசா விலக்குங்க, கட்டு தெரியணும்லா" என்றார். என் கணவர் அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். எங்கள் தெருக்காரர் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "நம்ம தெருவுக்கே பெருமை" என்றார். முதல் வீடியோவைத் தெரு குரூப்பில் போட்டவரே அவர்தான். நாங்கள் பழத்தை வாங்கிக்கொண்டோம்.

நான் இழுத்துப் போட்ட அந்தப் பெண் மட்டும் வரவில்லை. அவளிடமிருந்து புகார் வந்தது. இழுத்ததில் அவளுடைய தாலிச் சங்கிலி போய்விட்டதாம், அதற்குப் போலீஸ்தான் பதில் சொல்ல வேண்டுமாம். கைத்தாங்கலாக நடக்கத் தொடங்கிய சமயத்தில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வராந்தா பெஞ்சில் அவளும் உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோலோடு நான் நின்றேன். அவள் நகர்ந்து இடம் விடவில்லை.

"உங்களுக்கென்ன மேடம், ஊரே கொண்டாடுது. சங்கிலி இல்லாம வீட்டுல நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். நானா உங்களக் காப்பாத்தச் சொன்னேன்?"

அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் அந்த நிமிஷம், கை வழுக்கியபோதே விட்டிருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததில் ஒரு சுகமும் இருந்தது. அது பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

சங்கிலி கிடைக்கவே இல்லை. நான் எடுக்கவில்லை என்று விசாரணையை முடித்தார்கள். அந்த முடிவு எந்தப் போனிலும் வரவில்லை. "சங்கிலி கேஸ் என்னாச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவர்கள் இப்போதும் உண்டு.

இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. இந்த வருஷம் சீசனுக்கு என்னை அருவிக்கரையில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் அறையில் உட்கார வைத்தார்கள். முதல் நாள் போக வேண்டிய காலையில் கணவர் கேட்டார்.

"ஏட்டி, வேலைய விட்டுருவமா? கடை வருமானத்துல இருந்துக்கிடலாம்."

"வீட்டுல இருந்தா நொண்டின்னு சொல்லுவாவ. அங்கன போனா நொண்டிப் போலீஸ்னு சொல்லுவாவ. அதுக்காவது பயப்படுவானுவல்லா?"

அவர் சிரிக்கவில்லை. என்னால் குனிய முடியாது. முன்னால் உட்கார்ந்து என் ஷூவை மாட்டி லேஸைக் கட்டினார். நன்றாக இறுக்கினார். இடுப்பு வரைக்கும் சுள்ளென்று ஏறியது. நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.